காலடியில் காத்திருக்கும் கொக்கிப்புழு

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களும் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் பதனிட்ட தோலும், அத்தோலால் தைத்த காலணிகளும் கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கின்றன. ஆம்பூரில் தைத்த காலணியை அணிந்து அயல்நாட்டு நகரங்களில் நடப்போர் பலர். ஆயினும் இவ்வூர்களைச் சூழ்ந்த தோட்டங்களிலும் தோப்புகளிலும் காலை வேளையில் சென்று பார்ப்போமானால், களை பறிப்பவரும் விறகு பொறுக்குபவரும் ஆடு மேய்ப்பவரும் பெரும்பாலும் வெறுங்காலுடனேயே நடக்கக் காண்கிறோம். உலகுக்குக் காலணி தைக்கும் மண்ணில், உழைப்பவரின் கால் வெறுங்காலாகவே இருக்கிறது.

அந்த வெறுங்காலை எதிர்பார்த்து, நிழல் விழும் ஈரமண்ணில் ஓர் உயிர் காத்துக் கிடக்கிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அதன் பெயர் கொக்கிப்புழுக் குஞ்சு. அது நம் தோலைத் துளைத்து உடலினுள் புகுந்து, குடலில் குடியேறி, ஆண்டுக்கணக்கில் நம் இரத்தத்தையே உண்டு வாழ்கிறது. வலிமையான தாடையோ கூரிய கொடுக்கோ இல்லாத இக்குஞ்சு எவ்வாறு தோலைத் துளைக்கிறது? உண்ட உணவையெல்லாம் கரைத்துவிடும் நம் குடலில் புழுக்கள் கரையாமல் இருப்பது எவ்வாறு? அந்நியப் பொருள் எதையும் தாக்கி அழிக்கும் நம் உடற்காவலிலிருந்து அவை தப்புவது எவ்வாறு? இவ்வினாக்களுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. புழு சுரக்கும் நொதிகளே அதன் ஆயுதமும் கேடயமும் ஆகும்.

நொதி என்பது யாது?

பாடப் புத்தகங்களில் என்சைம் என்றும் நொதி என்றும் வழங்கும் பொருள் நமக்குப் புதியதன்று. சோற்றுப் பருக்கையை விழுங்காமல் நெடுநேரம் மென்றுகொண்டேயிருந்தால் அது இனிக்கத் தொடங்கும். உமிழ்நீரில் உள்ள நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைப்பதே அதற்குக் காரணம். முற்றிய ஆட்டிறைச்சி வேகாதபோது, நம் வீட்டுப் பெண்கள் அதில் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போடுவதுண்டு. காயின் பாலில் உள்ள நொதி இறைச்சியின் புரதத்தை அறுத்து மென்மையாக்குகிறது. நொதி என்பதும் ஒரு வகைப் புரதமே. ஓர் உயிரினுள் நிகழும் இரசாயன மாறுதலை விரைவாக நிகழச் செய்வது அதன் பணி. ஒவ்வொரு நொதிக்கும் ஒவ்வொரு வேலை உண்டு. பூட்டுக்கு ஏற்ற சாவிபோல, தனக்கு உரிய பொருளை மட்டுமே அது பற்றி வேலை செய்யும்.

தோல் தொழிலில் ஈடுபட்டோர் இதனை இன்னும் நன்றாக அறிவர். வட்டார மக்கள் தோல் ஷாப்பு என்று சொல்லும் பதனிடும் கூடங்களில், பச்சைத்தோலை முதலில் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரை நீக்குவர். பின்னர் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றைக் கொண்டோ, குரோமிய உப்பைக் கொண்டோ பதனிடுவர். இவ்விரண்டு வேலைகளுக்கும் இடையே தோலை மென்மையாக்கும் ஒரு கட்டம் உண்டு. முற்காலத்தில் பறவைகளின் எச்சத்தையும் நாயின் மலத்தையும் கரைத்த நீரில் தோலை ஊறவைத்து இதனைச் செய்துவந்தனர். அந்த அருவருப்பான நீரில் வேலை செய்தது நொதியே என்று கண்டறிந்து, விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை 1907ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மனியில் ஆட்டோ ரோம் என்னும் இரசாயன அறிஞர் புகுத்தினார். 1948ஆம் ஆண்டில் தோன்றிய சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் மயிர் நீக்குவதற்கு நொதிகளைப் பயன்படுத்தும் முறைகளை ஆராய்ந்து வந்துள்ளது. தோலை இளக்க நொதி வேண்டும் என்பதை மனிதன் ஆராய்ந்து அறிந்தான். கொக்கிப்புழு அதனை இயற்கையாகவே பெற்றிருக்கிறது. தோல் ஷாப்பில் இறந்த விலங்கின் தோலுக்கு நிகழ்வதைப் போன்றதொரு செயலைப் புழு நம் உயிருள்ள தோலில், ஊசிமுனை அளவான இடத்தில் நிகழ்த்துகிறது.

மண்ணிலிருந்து குடலுக்கு

கொக்கிப்புழுவின் வரலாற்றை மலம் கழிக்கும் இடத்திலிருந்து தொடங்குவதே முறை. தென்னாட்டில் மிகுதியாகக் காணப்படுவது நெக்கேட்டர் அமெரிக்கானஸ் என்னும் இனம். முதிர்ந்த பெண்புழு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அது நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 வரை முட்டைகள் இடும். அம்முட்டைகள் மலத்தோடு வெளியேறுகின்றன. மலம் கழிப்பறைக் குழியில் விழுமானால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஓடைக்கரையிலோ, தோப்பின் நிழலிலோ, கருவேலம் புதரின் ஓரத்திலோ விழுமானால், ஓரிரு நாட்களில் முட்டை வெடித்துக் குஞ்சு வெளிவரும். ஐந்து முதல் பத்து நாட்களில் அது மனிதனைத் தொற்றத்தக்க பருவத்தை அடையும்.

இப்பருவத்துக் குஞ்சின் நீளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. அதன் வாய் மூடியிருக்கும். அது எதையும் உண்ணாது. தன் உடலில் சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவிட்டுக்கொண்டு, மண்ணின் மேற்பரப்பிலும் புல்நுனியிலும் காத்திருக்கும். வெயிலில் காய்ந்துபோகும் தரையில் அது மாண்டுவிடும். நீர் தேங்கிக் கிடக்கும் நிலமும் அதற்கு ஏற்றதன்று. ஈரமும் நிழலும் காற்றோட்டமும் உள்ள மணற்பாங்கான மண்ணில் மூன்று நான்கு வாரங்கள் உயிரோடிருக்கும். மழை பெய்து ஓய்ந்த நாட்களே அதற்கு நல்ல காலம்.

வெறுங்கால் ஒன்று மிதித்ததும் உடற்சூட்டை உணர்ந்து குஞ்சு விழித்துக்கொள்கிறது. தோலைத் துளைத்து இரத்தக் குழாய்க்குள் சென்று, இதயம் வழியாக நுரையீரலை அடைகிறது. அங்கிருந்து மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலில் இறங்குகிறது. காலில் நுழைந்த நாள் முதல் முட்டையிடும் பருவம் வரை ஐந்து வாரமோ அதற்கு மேலோ ஆகும்.

இப்புழு தோல் வழியே நுழைகிறது என்னும் உண்மை தற்செயலாகவே வெளிப்பட்டது. 1838ஆம் ஆண்டில் இத்தாலிய நாட்டு வைத்தியர் டூபினி மனிதக் குடலில் கொக்கிப்புழுவைக் கண்டார். ஆயினும் அது வாய் வழியாகவே உட்செல்கிறது என்று நெடுங்காலம் கருதிவந்தனர். எகிப்து நாட்டில் கெய்ரோ நகரில் ஆராய்ந்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ் என்பவரின் கையில், புழுக்குஞ்சுகள் நிறைந்த நீர்த்துளி தவறி விழுந்தது. விழுந்த இடத்தில் அரிப்பும் சிவப்பும் தோன்றின. சில வாரங்களுக்குப் பின் அவர் தம் மலத்தைச் சோதித்தபோது அதில் கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. இது 1898ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி. நம் வயலில் இறங்கியவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் அரிப்பெடுத்துச் சிறு கொப்புளங்கள் எழும்போது, சேற்றுப்புண் என்று எண்ணி விட்டுவிடுகிறோம். சில வேளைகளில் அது புழு நுழைந்த வாயிலாகவும் இருக்கக்கூடும்.

தோலைத் திறக்கும் சாவி

நம் தோல் எளிதில் திறக்கும் கதவன்று. மேலே காய்ந்த உயிரணுக்களின் அடுக்கும், அதன் கீழே கொல்லாஜன் முதலிய நார்ப்புரதங்கள் பின்னிய உறுதியான அடுக்கும் உள்ளன. பதனிட்டபின் காலணிக்கு உறுதி தருவதும் அந்தக் கொல்லாஜனே. நெக்கேட்டர் குஞ்சின் சுரப்பில் புரதங்களை அறுக்கும் நொதிகள் உண்டு. கொல்லாஜனையும், உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் வேறு சில புரதங்களையும் அவை அறுக்கின்றன என்று ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். அந்த நொதியின் செயலை நிறுத்தும் பொருள் ஒன்றைச் சேர்த்துச் சோதித்தபோது, தோலைத் துளைத்துச் செல்லும் குஞ்சுகளின் எண்ணிக்கை குறைந்தது. ஆகவே குஞ்சு தோலைக் கடித்துத் துளைப்பதைக் காட்டிலும் கரைத்து வழி செய்துகொள்கிறது என்று சொல்வதே பொருந்தும்.

உள்ளே நுழைந்ததும் அடுத்த தடை எதிர்ப்படுகிறது. நம் இரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஒரு வகை, பகையைக் கண்டவுடன் தன்னிடமுள்ள டி.என்.ஏ. இழைகளை வெளியே வீசி வலைபோல் விரிக்கும். மீனவர் வலையில் மீன் சிக்குவதுபோல் நுழைந்த உயிர் அதில் சிக்கும். கொக்கிப்புழு இனத்தைச் சேர்ந்த, எலிகளில் வாழும் ஒரு புழுவை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள், குஞ்சு அந்த டி.என்.ஏ. இழைகளை அறுக்கும் நொதியைச் சுரந்து வலையைக் கிழித்துக்கொண்டு தப்புகிறது என்று தெரிவிக்கின்றன. நொதிக்கு ஏற்ற பொருள் என்று முன்னர்க் கூறினோம். தோலுக்கு ஒரு நொதி, வலைக்கு வேறொரு நொதி என்று புழு தன் கருவிகளை வகுத்து வைத்திருக்கிறது.

குடலில் குடியிருப்பு

குடலை அடைந்த கொக்கிப்புழு தன் வாயிலுள்ள வெட்டுத் தகடுகளால் குடற்சுவரின் மெல்லிய சதையைக் கவ்வி, சிறு காயம் செய்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. நம் விரலில் காயம் பட்டால் சில நிமிடங்களில் இரத்தம் உறைந்து நின்றுவிடும். அவ்வாறு உறைவதற்கும் நம் இரத்தத்திலுள்ள நொதிகளே காரணம். கொக்கிப்புழுக்கள் அந்நொதிகளைப் பற்றிச் செயலற்றதாக்கும் சிறு புரதங்களைச் சுரக்கின்றன. ஆதலால் காயத்தில் இரத்தம் கசிந்துகொண்டேயிருக்கிறது. புழு இடம் மாறிக் கவ்வும்போதும் பழைய காயத்திலிருந்து சிறிது நேரம் இரத்தம் வடிகிறது.

குடித்த இரத்தத்தைப் புழு செரித்துக்கொள்ளும் முறை வியக்கத்தக்கது. இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபின் பெரிய புரதம். முதல் நொதி அதனைச் சில இடங்களில் வெட்டுகிறது. வெட்டுண்ட துண்டுகளை இரண்டாம் வகை நொதி மேலும் சிறிதாக்குகிறது. மூன்றாம் வகை நொதி அவற்றை இன்னும் பொடியாக்குகிறது. முந்தியது தன் வேலையை முடித்தால்தான் பிந்தியது தன் வேலையைத் தொடங்க இயலும். களத்தில் கதிர் அடிப்பவர், தூற்றுபவர், அளப்பவர் என்று வேலை முறையாகச் செல்வதைப் போன்ற ஒழுங்கு இது. இவ்வரிசையை ஆராய்ச்சியாளர் 2004ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டனர்.

ஈமோகுளோபினை உடைக்கும்போது இரும்பு கலந்த ஈம் என்னும் பொருள் எஞ்சுகிறது. அது தனித்து நின்றால் உயிரணுக்களுக்கு நஞ்சு. உண்ட சோற்றிலேயே நஞ்சு கலந்திருப்பதைப் போன்ற இந்நிலையிலிருந்தும் புழு தப்பிக்கொள்கிறது. குளூட்டாதயோன் டிரான்ஸ்பரேஸ் என்னும் நொதி அந்த ஈமைப் பற்றிக்கொண்டு தீங்கு நேராமல் காக்கிறது. இவை தவிர, நரம்புச் செய்தியைக் கடத்தும் அசெட்டில்கோலின் என்னும் பொருளை உடைக்கும் நொதி ஒன்றையும் நெக்கேட்டர் தன் உடலிலிருந்து வெளியே சுரக்கிறது.

நம் வயிற்றில் வாழும் மற்றொரு புழுவான உருளைப்புழுவின் வழி வேறு. அது குடற்சுவரைக் கவ்வுவதில்லை. செரிமானச் சாறுகள் ஓடும் குடலில் தளர்வாகவே கிடக்கிறது. இறைச்சியைக் கரைக்கும் நம் நொதிகள் உருளைப்புழுவைக் கரைக்காததற்குக் காரணம், அந்நொதிகளைத் தடுத்து நிறுத்தும் புரதங்களை அது தன்னிடம் வைத்திருப்பதே. மேலும் குடலில் பிராணவாயு மிகக் குறைவு. அதற்கு ஏற்பத் தன் உடலின் நொதி அமைப்பையே மாற்றிக்கொண்டு, பிராணவாயு மிகுதியாக வேண்டாத வழியில் சக்தியைப் பெற்றுக்கொள்கிறது. வெளியுலகில் வளர்ந்த குஞ்சுப் பருவத்தில் அதற்கு இவ்வழக்கம் இல்லை. குடலில் குடியேறிய பின்னரே இம்மாறுதல் ஏற்படுகிறது.

இரத்தத்தின் கணக்கு

ஒரு நெக்கேட்டர் புழுவினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலிட்டர் இரத்தம் இழக்கப்படுகிறது என்று மதிப்பிட்டுள்ளனர். இது ஒரு துளிக்கும் குறைவு. ஒருவர் குடலில் நூறு புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர். ஒரு மாதத்தில் 90 மில்லிலிட்டர். 3 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம் வரை இரும்புச்சத்து இருக்கும். அதில் ஒரு பகுதியைக் குடல் திரும்பவும் உறிஞ்சிக்கொள்கிறது என்றாலும், நம் உடல் உணவிலிருந்து ஒரு நாளில் பெறும் இரும்பே ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் அளவுதான். கேழ்வரகும் கீரையும் உண்டு ஒருவர் ஈட்டும் இரும்பில் பெரும்பகுதியைப் புழு வரி வாங்குவதுபோல் வாங்கிக்கொள்கிறது.

இந்த இழப்பு ஒரே நாளில் தெரிவதில்லை. மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. கண்ணின் உட்புறமும் நகமும் வெளுக்கின்றன. அரிசி, சாம்பல், சுவர்மண் ஆகியவற்றைத் தின்னும் ஆசை சிலருக்கு உண்டாகிறது. பள்ளியில் குழந்தை தூங்கி விழுகிறது. ஆசிரியர் அதனைச் சோம்பல் என்று கருதிவிடுகிறார். அரை நாள் வேலைக்கே களைத்துப்போகும் கூலிப் பெண்ணை, வேலைக்கு உடம்பு வணங்காதவள் என்று ஏசுவோரும் உண்டு. அவள் கர்ப்பவதியாக இருந்தால் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு இரட்டிப்பாகும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர்கள். இதற்கெல்லாம் புழுவே காரணம் என்று சொல்வது தவறு. சத்தில்லாத உணவும் அடுத்தடுத்த பிள்ளைப்பேறும் பிற நோய்களும் காரணங்களாக உள்ளன. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிக்கொண்டே குடலில் புழுவையும் வளர்ப்பது, அடியில் ஓட்டையுள்ள குடத்தில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும்.

ஆயுதத்தையே இலக்காகக் கொள்ளுதல்

எந்த நொதியால் புழு வாழ்கிறதோ அந்த நொதியே அதன் வலுவற்ற இடமும் ஆகும். நொதியைத் தடுத்தால் புழு பட்டினி கிடக்கும், அல்லது தான் உண்டதாலேயே நஞ்சேறும். இவ்வெண்ணத்தினின்றே கொக்கிப்புழுத் தடுப்பூசி முயற்சி பிறந்தது. முதலில் குஞ்சு சுரக்கும் வேறொரு புரதத்தைக் கொண்டு தடுப்பூசி செய்து பிரேசில் நாட்டில் சோதித்தனர். முன்னரே புழுத்தொற்று ஏற்பட்டிருந்த சிலருக்கு உடலெங்கும் தடிப்பு எழுந்தமையால் அதனைக் கைவிட்டனர். பின்னர், ஈமோகுளோபினை முதலில் வெட்டும் நொதியையும் ஈமைப் பற்றிக்கொள்ளும் நொதியையும் இலக்காகக் கொண்டனர். முதலாம் நொதியைக் கொண்டு தடுப்பூசி இட்ட நாய்களில் புழுக்களின் தொகையும் இரத்தச்சோகையும் குறைந்தன என்று 2005ஆம் ஆண்டில் தெரிவித்தனர். இவ்விரு நொதிகளைக் கொண்ட ஊசிகள் அமெரிக்கா, பிரேசில், காபோன் ஆகிய நாடுகளில் மனிதரிடம் சோதிக்கப்பட்டுள்ளன. எனினும் மக்கள் பொதுவாகப் பயன்படுத்தத்தக்க தடுப்பூசி இன்னும் வரவில்லை.

இன்று நம் கையில் உள்ள மருந்து அல்பெண்டசோல். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் பூச்சி மாத்திரை இதுவே. இது மேற்கூறிய நொதிகளைத் தாக்குவதில்லை. புழுவின் உயிரணுக்களுக்குச் சட்டம்போல் அமைந்த நுண்குழல்களைக் கட்டவிடாமல் செய்கிறது. அதனால் புழு உணவை உறிஞ்ச இயலாமல் நலிகிறது. ஒரே வேளை கொடுக்கும் 400 மில்லிகிராம் மாத்திரையால், உருளைப்புழு உடையவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோரும், கொக்கிப்புழு உடையவர்களில் ஏறத்தாழ எண்பது பேரும் குணமடைகின்றனர். சாட்டைப்புழுவுக்கு அது அத்துணை வலிமையுடன் வேலை செய்வதில்லை.

பப்பாளிப்பாலில் உள்ள நொதிகள் புழுவின் மேற்றோலையே கரைக்கவல்லவை என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. நொதியால் வாழும் புழுவை நொதியாலேயே வெல்லலாம் என்பது கவர்ச்சியான எண்ணந்தான். ஆயினும் அதனை வீட்டு வைத்தியமாகக் கொள்ளலாகாது. பச்சைப் பால் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மாத்திரை இலவசமாகக் கிடைக்கும்போது இத்தகைய ஆபத்தை நாடுவானேன்?

பாகாயமும் திமிரியும் காட்டும் வழி

வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் பாகாயம் உள்ளது. 1918ஆம் ஆண்டில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கல்லூரி வளாகம் அங்கு அமைந்திருக்கிறது. அதன் சமுதாய சுகாதாரப் பிரிவு சுற்றுப்புறத்துக் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறது. அக்கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள் 2017ஆம் ஆண்டில் தொடங்கி, இராணிப்பேட்டை மாவட்டத்துத் திமிரி வட்டாரத்திலும், திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையிலும் ஒரு பெரிய ஆய்வை நடத்தினர். ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி ஆகிய நாடுகளிலும் இதே ஆய்வு நடைபெற்றது.

ஆய்வின் நோக்கம் எளியது. தேசியக் குடற்புழு நீக்க நாள் என்னும் திட்டம் 2015ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன்படி ஒரு வயது முதல் 19 வயது வரையுள்ளோருக்கு மாத்திரை கொடுக்கப்படுகிறது. குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதுமா, ஊரில் உள்ள அனைவருக்கும் கொடுத்தால் புழுவின் பரவுதலையே நிறுத்திவிட முடியுமா என்பதே கேள்வி. நம் பகுதியில் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஊர்களை நாற்பது தொகுதிகளாகப் பிரித்தனர். இருபது தொகுதிகளில் சிறியோர் பெரியோர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரு முறையாக மூன்று ஆண்டுகள் மாத்திரை வழங்கினர். மற்ற இருபதில் வழக்கமான முறையே நடந்தது.

மாத்திரை வழங்குவதற்கு முன் எடுத்த கணக்கே நமக்குப் பாடம் புகட்டுவதாக உள்ளது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் புழு இருந்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கொக்கிப்புழுவே. பெரும்பாலோருக்குப் புழுக்களின் தொகை குறைவாகவே இருந்தது என்பது ஆறுதல். கொக்கிப்புழு குழந்தைகளைக் காட்டிலும் வயது வந்தோரிடமே மிகுதியாக இருந்தது என்பதுதான் நாம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி. உருளைப்புழு குழந்தைகளை நாடும். கொக்கிப்புழுவோ நிலத்தில் உழைப்பவரை நாடும். பள்ளியில் மகளுக்கு மாத்திரை கிடைக்கிறது. மண்ணில் நிற்கும் தாய்தந்தையர் பலருக்குக் கிடைப்பதில்லை. அவர்கள் வயிற்றிலிருந்து வெளியேறும் முட்டைகள் மீண்டும் அதே மண்ணில் விழுகின்றன. சில மாதங்களில் மகளின் காலில் மீண்டும் புழு ஏறுகிறது.

இந்த உண்மையின் ஒரு பகுதியை நம் முன்னோர் காலத்திலேயே அறிந்திருந்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களிடையே இந்நோய் பரவியிருந்தமையால், அங்கு 1916ஆம் ஆண்டு முதல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி நடைபெற்றது. 1920களில் சென்னை மாகாணத்திலும் அத்தகைய பணி நடந்தது. மருந்து கொடுத்தபோது புழு நீங்கியது. கழிப்பறை இல்லாத இடத்தில் அது திரும்பவும் வந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் பாடம் மாறவில்லை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வீட்டில் கழிப்பறை இருந்தால் மட்டும் போதாது, வீட்டார் அனைவரும் எந்நாளும் அதனையே பயன்படுத்த வேண்டும். கொல்லைக்குப் போகும் முதியவர் ஒருவரும், ஓடைக்கரைக்குச் செல்லும் சிறுவன் ஒருவனும் தெருவுக்கே புழுவை விதைத்துவிடக் கூடும். கைக்குழந்தையின் மலத்தையும் கழிப்பறையிலேயே கொட்ட வேண்டும். இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிறைந்ததும் அதனை மூடி, ஓராண்டுக்குக் குறையாமல் விட்டுவைத்த பின்னரே எருவை எடுக்க வேண்டும். பச்சை மலத்தை நிலத்துக்கு இடுதல் கூடாது.

இரண்டாவது, வெளியே செல்லும்போதும் தோட்ட வேலையின்போதும் காலணி அணிதல். ஆழ்ந்த சேற்றில் அது இயலாது என்றால், தோப்பிலும் வரப்பிலும் மலம் கழிக்கும் இடத்துக்கு அருகிலுமாவது அணியலாம். நீர் தேங்கிய வயலைவிட அவ்விடங்களே புழுவுக்கு உகந்தவை என்பதை நினைவில் கொள்வோம். வேலை முடிந்ததும் கால்களைக் கழுவுதல் நன்று. ஆனால் புழு சில நிமிடங்களிலேயே தோலில் புகத் தொடங்குமாதலால், கழுவுதல் காலணிக்கு ஈடாகாது. கைகளால் மண்ணை அளையும் வேலையிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

மூன்றாவது, பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளில் ஒரு குழந்தையும் விடுபடலாகாது. அன்று பள்ளிக்கு வராத பிள்ளையையும், பள்ளியையே விட்ட பிள்ளையையும் தேடிப்பிடித்துக் கொடுப்பது ஊராரின் கடமை. களைப்பும் வெளுப்பும் உடைய பெரியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தையும் மலத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதங்களில் இம்மாத்திரையை உட்கொள்ளலாகாது. அதன்பின் வைத்தியரின் சொற்படி நடக்க வேண்டும். புழு நீங்கிய பின்னரும் இழந்த இரத்தம் ஊறுவதற்கு இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பருப்பு, முட்டை போன்ற உணவும் தேவை.

நான்காவது, இது தனி ஒருவரால் முடிவதன்று. பத்து வீடுகள் கழிப்பறையைப் பயன்படுத்தி, இரண்டு வீடுகள் தோப்புக்குச் சென்றால், தோப்பின் மண் தூய்மையடைவதில்லை. கிராம சபைக் கூட்டங்களில் சாலை, விளக்கு ஆகியவற்றோடு, எத்தனை கழிப்பறைகள் உண்மையில் பயன்படுகின்றன, எவை நீரின்றிப் பூட்டிக் கிடக்கின்றன என்றும் கேட்போமாக. சந்தை, பேருந்து நிறுத்தம், தோல் ஷாப்பு, காலணித் தொழிற்சாலை, செங்கற்சூளை ஆகிய இடங்களில் உழைப்போருக்குத் தூய கழிப்பறை இருக்கிறதா என்றும் கேட்போமாக.

ஒன்றன்பின் ஒன்றாக நொதிகளைப் பயன்படுத்திக் கொக்கிப்புழு நம்மை வெல்கிறது. அதன் ஒரு நொதியைத் தடுத்தாலும் அதன் வாழ்க்கை தடுமாறும் என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர். அவர்கள் முயற்சி வெற்றி பெறும் நாள் வரட்டும். அதுவரை அதன் வாழ்க்கைச் சங்கிலியில் நம் கைக்கு எட்டும் கண்ணி ஒன்று உண்டு. அது மலத்துக்கும் மண்ணுக்கும் இடையே உள்ளது. அக்கண்ணியை அறுக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஊர் ஒன்றுபட்டால் போதும். கடல் கடந்த நாட்டாரின் கால்களுக்கு உறை தைத்துத் தரும் நம் மக்கள், தங்கள் கால்களையும் தங்கள் பிள்ளைகளின் இரத்தத்தையும் காத்துக்கொள்வார்களாக.